மஞ்சள் நோட்டீஸா, வங்கிச் சமரசமா, சென்னைத் தீர்ப்பாயமா? கடனில் சிக்கிய தொழில்காரருக்கு ஓர் ஒப்பீடு

“ஐ.பி. போட்டுவிடலாமா அண்ணா?”

சித்தப்பா மகன் இப்படிக் கேட்டபோது இரவு பதினொரு மணி. ஐ.பி. என்றால் கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு; ஊர்ப் பேச்சில் மஞ்சள் நோட்டீஸ். 15 வேலம்பாளையத்தில் பன்னிரண்டு பவர் டேபிள் போட்டுப் பனியன் தைத்துக் கொடுக்கிறான். மூன்று மாதமாகக் கட்டட வாடகை பாக்கி. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போய்விட்டது. அவன் குரலில் அழுகை இல்லை. முடிவெடுத்துவிட்டவனின் அமைதி இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் காலையில் எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னேன்.

திருப்பூரில் சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான், வக்கீல் அல்ல. ஆனால் இருபது ஆண்டுகளில் நொடித்துப்போன பல தொழில்களின் கடைசிக் கணக்கை என் கையால் எழுதியிருக்கிறேன். சோமனூர் விசைத்தறிக்காரர், கரூர் ஜவுளிக்காரர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி என்று யார் வந்தாலும் கேட்பது ஒன்றைத்தான்: “நல்ல ஐ.பி. வக்கீல் யாராவது தெரியுமா?” எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் வக்கீலைத் தேடினால், அவருக்குப் பழக்கமான கதவுக்கே அவர் நம்மை அழைத்துப்போவார். சிவில் வழக்கு நடத்துபவரிடம் போனால் ஐ.பி. மனு, வங்கி வழக்குக்காரரிடம் போனால் கோவை டி.ஆர்.டி., அதாவது கடன் மீட்புத் தீர்ப்பாயம்; கம்பெனிச் சட்டம் பார்ப்பவரிடம் போனால் சென்னை என்.சி.எல்.டி., அதாவது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். மூன்றும் வெவ்வேறு சட்டங்கள். மூன்றிலும் நாம் இழப்பதும் வேறு, மிஞ்சுவதும் வேறு.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் “சேப்டர் 7 போடலாம், இல்லையென்றால் சேப்டர் 13” என்று தம்பிக்கு யோசனை சொல்லியிருந்தார். அங்கே சேப்டர் 7 என்றால் சொத்தை விற்றுக் கடனைத் தீர்த்து விடுபடுவது; சேப்டர் 13 என்றால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தவணையாகக் கட்டுவது. அந்த ஊருக்கு அது சரி. இங்கே அந்த அத்தியாயங்கள் எதுவும் கிடையாது.

யார் பெயரில் கையெழுத்து?

வந்த காகிதங்களைத் திண்ணையில் பரப்பினோம். வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் எடுத்த சி.சி. கணக்கு, அதாவது தொழில் நடத்த வேண்டியபோது எடுத்துக் கட்டும் கடன், 34 லட்சம். மெஷின் லோன் 6 லட்சம். சொந்தமாகத் தைத்து விற்கத் துணி எடுத்த கடைக்கு 9 லட்சம். அதற்காகக் கொடுத்த மூன்று செக்குகள். தனியார் பைனான்ஸில் 4 லட்சம். சொந்தபந்தத்திடம் புரோநோட்டு எழுதி வாங்கிய கைமாற்று 7 லட்சம். அத்தையிடம் எழுத்தே இல்லாமல் 2 லட்சம். மொத்தம் 62 லட்சம். அவனுக்கு வர வேண்டியது, ஓர் ஏற்றுமதிக் கம்பெனியிடமிருந்து தையல் கூலி 11 லட்சம்.

தொகையைப் பார்த்து மலைக்காமல் ஒவ்வொரு காகிதத்திலும் இரண்டு விஷயங்களைப் பார்த்தோம். கையெழுத்து யார் பெயரில்? ஈடு ஏதாவது எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா?

தனி உரிமையாளர் தொழில் என்றால் தொழிலும் ஆளும் சட்டத்தின் கண்ணில் ஒன்று; கம்பெனிக் கடன் என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் அவர் தலையில். பங்குதாரர் தொழிலிலும் கூட்டாளிகளின் சொந்தச் சொத்து வரை கடன் நீளும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி தனி ஆள். ஆனால் நம் பக்கத்தில் இயக்குநரிடம் தனிப்பட்ட ஜாமீன் வாங்காமல் எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை. ஆகவே கம்பெனி என்ற சுவருக்குப் பின்னால் நிற்கிறோம் என்று நினைப்பவர், அந்தச் சுவரில் வாசல் வைத்துச் சாவியைத் தன் கையெழுத்தாலேயே கொடுத்திருப்பார். தம்பி தனி உரிமையாளர். அதனால் சென்னைத் தீர்ப்பாயம் அவனுக்கு அன்றே கழிந்தது.

ஐ.பி.: சட்டம் தருவதும் எடுப்பதும்

ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் என்றால் மங்கலம். அதே நிறம் ஒரு நோட்டீஸின் பெயராக வந்தால் குடும்பமே ஊரில் தலை காட்டுவதில்லை. மஞ்சள் நோட்டீஸ் என்று நாம் சொல்வது, தனிநபர் தன்னை நொடித்தவர் என்று அறிவிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவைத்தான். அதற்கான சட்டம் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் எல்லாம் 1920-க்குள். 2016-இல் வந்த புதிய திவால் சட்டம் இந்த இரண்டையும் ரத்து செய்ய வழி வைத்திருந்தாலும், அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராததால் நூறு வயது கடந்த சட்டத்தின் கீழேயே இன்றும் நம்மூர்ச் சார்பு நீதிமன்றங்களில் ஐ.பி. மனுக்கள் நடக்கின்றன. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனு போடலாம் என்ற பழைய வரம்பும் அப்படியே இருக்கிறது.

மனு போட்ட அன்றே கடன்காரர்கள் வாய் மூடிவிடுவார்கள் என்பது பரவலான நம்பிக்கை. தவறு. மனு ஒரு தொடக்கம்தான். விசாரணை முடிந்து, நொடித்தவர் என்று நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் கடன் கொடுத்தவர்கள் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாத நிலை வரும்; கைதுக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவும் அதன் பிறகே. அந்த உத்தரவோடு அவருடைய சொத்து முழுவதும் ரிசீவர், அதாவது நீதிமன்றம் நியமிக்கும் சொத்துப் பொறுப்பாளர், கைக்குப் போய்விடும். பூர்வீகத் தோட்டத்தில் உள்ள பங்கும் அதில் சேரும். சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கியவை மட்டும் மிஞ்சும்: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை. தாலியைத் தொட முடியாது. விவசாயி என்றால் அவர் குடியிருக்கும் வீடும், உழவு மாடும், விதைத் தானியமும் காப்பாற்றப்படும். பயந்துபோய் வருபவர்களிடம் நான் முதலில் படித்துக் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான். எதுவுமே மிஞ்சாது என்று நினைத்து வருகிறவர் முகம் அதைக் கேட்டதும் கொஞ்சம் தெளியும்.

வங்கி விஷயத்தில் இந்தச் சட்டம் கைகொடுக்காது. ஈடு வைத்துக்கொண்ட கடன்காரர் தன் ஈட்டை விற்றுக்கொள்ளும் உரிமையை அது தொடுவதே இல்லை. தம்பியின் 62 லட்சத்தில் 40 லட்சம் வீடும் மெஷினும் ஈடாக நிற்கும் கடன். ஐ.பி. போட்டாலும் வங்கி ஏலம் விடும். செக் வழக்கும் நிற்காது. செக் திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் என்று அது தனிப் பாதையில் போகும் குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். அரசுக்குக் கட்ட வேண்டியதும் கடைசி வரை தீராது. ஜாமீன் போட்ட மாமனாரும் தப்ப மாட்டார்.

அப்படியானால் ஐ.பி. யாருக்கு? ஈடு இல்லாத கடன் மிகுந்து, விற்க ஒன்றும் மிஞ்சாமல், பல ஊர்களில் புரோநோட்டு வழக்குகள் குவிந்து நிற்பவருக்கு. அவருக்கு இது உண்மையான விடுதலை தரக்கூடிய வழி. ஆனால் விடுதலை, நொடித்தவர் என்று அறிவிக்கும் உத்தரவில் இல்லை. அதற்கடுத்த விடுவிப்பு உத்தரவில் இருக்கிறது. முதல் உத்தரவிலேயே, எத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு மனு போட வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைக்கும். அந்தக் கெடுவைத் தவற விட்டால் அறிவிப்பே ரத்தாகி, அத்தனை கடனும் மறுபடி உயிர் பெற்றுவிடும். நான் பார்த்ததில் மிகவும் வருந்த வைப்பது இதுதான். உத்தரவு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வேலைக்காகப் பெங்களூருக்குப் போய்விடுவார்கள். மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகம் இல்லாதவருக்கும், நொடித்தது தெரிந்த பிறகும் கடன் வாங்கித் தொழில் நடத்தியவருக்கும், சொத்து ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறாமல் அதற்குத் தகுந்த காரணம் காட்ட முடியாதவருக்கும் முழு விடுவிப்பு மறுக்கப்படும். விடுவிப்புக் கிடைக்கும் வரை, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலே குற்றம்.

இன்னொன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் இல்லை. என் மைத்துனர் ஒருவர், “முதலில் வீட்டை மனைவி பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள், ஒன்பது மாதம் கழித்து ஐ.பி. போடலாம்” என்று ஓர் இடைத்தரகர் சொன்னதைக் கேட்டார். ஐ.பி. மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் விலை இல்லாமல் கைமாற்றிய சொத்தை ரிசீவர் செல்லாததாக்கக் கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. வீடும் போயிற்று, நேர்மையான மனுதாரர் என்ற பெயரும் போயிற்று. அக்கா அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட குற்றத்துக்காக இரண்டு வருடம் கோர்ட்டு வாசலில் நின்றாள். வேண்டிய ஒருவருக்கு மட்டும் முந்திக் கடனைத் தீர்ப்பதும் மூன்று மாதக் கணக்கில் இதே கதிக்கு ஆளாகும்.

வங்கியின் எதிரில் உட்காருவது

வீடோ, தோட்டமோ, மெஷினோ ஈடாக நிற்கும்போது முதல் கதவு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இதில் காலம்தான் எல்லாம். தவணை தவறி 90 நாள் ஆனால் கணக்கு வாராக் கடன். அதற்கு முன்பே, 30 நாள், 60 நாள் என்று தவறும்போதே, சிறு குறு தொழில்களின் புத்துயிர்ப்புக்கென 2015-இல் மத்திய அரசு அறிவித்து, 2016-இல் ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் கொடுத்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள தொழில், தானே வங்கியிடம் எழுத்தில் கேட்டு, தவணையை மாற்றி அமைக்கும் குழுவின் முன் போகலாம். வங்கிகள் இதற்குக் கட்டுப்பட்டவை என்றும், ஆனால் தொழில்காரர் தன் பதிவுச் சான்றோடு உரிய நேரத்தில் கேட்டிருக்க வேண்டும் என்றும் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மேனேஜரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும்.

90 நாள் தாண்டிவிட்டால், நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டை எடுத்து விற்க வங்கிக்கு வழி தரும் சர்ஃபேசி சட்டம் 2002. முதலில் 60 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் வரும். பயத்தில் அதை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் நம்மூரில் ஏராளம். அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும் என்பது கடன் வாங்கியவருக்குச் சட்டம் கொடுத்த ஆயுதம். கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கிய பிறகு கோவையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் மனு போட வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால், முழுக் கடனையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையும் முடிந்துவிடும். ஏலத்தன்று பணத்தோடு ஓடி வரும் சொந்தக்காரரால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது. ஆனால் பத்திரத்தில் பூமி என்றிருந்து தரையில் தறிக்குடோன் நின்றால் அந்த விலக்கு கிடைக்காமல் போகலாம்.

ஒரே தவணைத் தீர்வு, அதாவது ஓ.டி.எஸ்., கடனாளியின் உரிமை அல்ல, வங்கி விரும்பினால் கொடுப்பது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. அதனால் அங்கே பேசும் முறை முக்கியம். “பார்த்துச் செய்யுங்கள் சார்” என்று நிற்பதைவிட, எந்தச் சொத்தை எத்தனை மாதத்தில் என்ன விலைக்கு விற்று எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தாளில் எழுதி, வாங்குபவரின் முன்பண ரசீதோடு போவது பல மடங்கு எடுபடும். ஏலத்தில் போகும் வீட்டைவிட நாமே ஆள் பிடித்து விற்கும் வீடு நல்ல விலை போகும் என்பது வங்கிக்கும் தெரியும்.

கம்பெனி என்றால் சென்னை

பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. இரண்டுக்கும் 1920 சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம். இடம் சென்னையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். கடன் கொடுத்தவர் இழுக்க வேண்டுமானால் தவறிய தொகை குறைந்தது ஒரு கோடி ரூபாய் இருக்க வேண்டும். 2020 மார்ச்சுக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து கம்பெனி மீதான வழக்குகள் நிற்கும். நிர்வாகம் நம் கையை விட்டு, தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வாளர் கைக்குப் போகும். வழக்குகளோடு சேர்த்து 330 நாள் என்பது சட்டம் வைத்த எல்லை. யாரும் எடுத்து நடத்த முன்வராவிட்டால் கலைப்பு.

நிர்வாகத்தை இழக்காமல் கடனைச் சீரமைக்க விரும்பும் சிறு கம்பெனிக்கு 2021 ஏப்ரலில் வந்த முன்தொகுப்புத் தீர்வு நல்ல வழி. தவறிய தொகை 10 லட்சம் இருந்தால் போதும். தொடர்பில்லாத கடன் நிறுவனங்களில் மதிப்பின்படி 66 விழுக்காடு முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். 120 நாளில் முடிய வேண்டும். கம்பெனி நம்மிடமே இருக்கும். ஒன்றிரண்டு வங்கிகளோடு மட்டும் கடன் வைத்திருக்கும் கரூர், கோவைக் கம்பெனிகள் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆனால் கம்பெனிக்குக் கிடைக்கும் நிழல் ஜாமீன் போட்டவர் மேல் விழாது. கம்பெனி பேரில் வழக்கு நிற்கும்போதும் இயக்குநர் பேரில் செக் வழக்கு நடக்கும் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனிக் கடன் தீர்வுத் திட்டத்தில் முடிந்தாலும் ஜாமீன்தாரர் பொறுப்பு தானாகத் தீராது என்று அதே ஆண்டு மே மாதம் சொன்னது. அவருக்கென 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் அவரே மனு போட்டு, கட்ட முடிந்ததை ஒரு திட்டமாக வைக்கலாம், கடன் கொடுத்தவர்களில் மதிப்பின்படி முக்கால் பங்கினர் ஒப்பினால் அது செல்லும். கம்பெனிகளின் ஜாமீன்தாரர்களுக்கு மட்டுமே இது. தம்பியைப் போன்ற தனி உரிமையாளருக்கு இன்னும் திறக்கவில்லை.

பேசித் தீர்ப்பது

சொந்தபந்தக் கைமாற்றுக்கும் துணிக் கடைக்கும் நான் முதலில் பார்ப்பது லோக் அதாலத்தை, அதாவது மக்கள் நீதிமன்றத்தை. இரண்டு தரப்பும் ஒப்பினால் தீர்ப்பு அன்றே, மேல்முறையீடு இல்லை, நிலுவை வழக்கில் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஊர்ப் பெரியவர்கள் முன் பேசுவதை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பேசியதைத் தவறினால் கேட்க வழி இல்லை, லோக் அதாலத்தில் எழுதியது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். வட்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. கட்ட இயலாதவரைச் சும்மா சிறையில் தள்ள முடியாது, வசதி இருந்தும் ஏமாற்றுபவரையே தள்ளலாம் என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யவே முடியாது. உயிரை விட்டுத்தான் மானத்தைக் காக்க வேண்டும் என்று நினைக்கும் நிலையில் இருக்கும் எவரும் இந்த வரிகளை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இரவு தனியாக இருக்காதீர்கள்; யாரையாவது கூப்பிடுங்கள்.

வர வேண்டிய பணத்தையும் மறந்துவிடுகிறோம். குறுந்தொழிலாகப் பதிவு செய்தவருக்கு வாங்கியவர் அதிகம் போனால் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதைக் கேட்பதற்கென்றே ‘வசதியாக்கக் குழு’ என்ற அரசு அமைப்பு கோவையிலும் இருக்கிறது. அங்கே தோற்ற பெரிய கம்பெனி எதிர்க்க வேண்டுமானால் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டிவிட்டுத்தான் எதிர்க்க முடியும். தம்பியின் 11 லட்சத்துக்கு இதுதான் வழி. அவன் அதைக் கேட்கவே கூச்சப்பட்டான். ஆர்டர் நின்றுவிடும் என்றான். ஆர்டர் ஏற்கெனவே நின்றிருந்தது.

இனி வக்கீல்

கதவு தெரிந்த பிறகு ஆளைத் தேடுவது எளிது. ஐ.பி.க்கு உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் பக்கம் நடப்பவர் போதும். ரிசீவரையும் அந்த நீதிமன்ற நடைமுறையையும் அறிந்த உள்ளூர்க்காரர், சென்னையின் பெரிய பெயரைவிட மேல். வங்கி நோட்டீஸுக்குக் கோவைத் தீர்ப்பாயத்தில் வாரம்தோறும் நிற்பவர் வேண்டும். 45 நாள் கெடுவில் கற்றுக்கொண்டு வாதாட நேரம் இல்லை. கம்பெனித் திவாலுக்குச் சென்னை வக்கீலோடு, திவால் வாரியத்தில் பதிவு பெற்ற தீர்வாளரும், உங்கள் ஆடிட்டரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இரண்டு கதவு தேவைப்படுபவர் இரண்டு வக்கீல் வைப்பதில் தவறில்லை. ஒருவருக்கொருவர் தெரியாமல் மட்டும் வைக்காதீர்கள். ஒரு இடத்தில் கொடுத்த சொத்துப் பட்டியல் இன்னொரு இடத்தில் வேறாக இருந்தால் இரண்டும் கெடும்.

இணையத்தில் விளம்பரம் பார்த்துப் போகாதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் இதைக் கண்டித்து உத்தரவு போட்டது. “கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று போனில் கூப்பிடுபவர் பெரும்பாலும் வக்கீலே இல்லை. அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீல் பெயரைப் போட்டு, அவர் நடத்திய வழக்குகளைப் பார்க்கலாம். எத்தனை ஐ.பி. மனு போட்டார் என்பதைவிட, அவற்றில் எத்தனை விடுவிப்பு உத்தரவு வரை போயின என்பதைப் பாருங்கள். அது ஒன்று போதும் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல.

முதல் சந்திப்பில் தம்பியை இவற்றைக் கேட்கச் சொன்னேன். என் கடனில் எதெதற்கு இந்த மனு உதவாது? விடுவிப்பு வரை நடத்துவீர்களா, அதற்குக் கட்டணம் தனியா? இதே வங்கிக்கோ, எனக்குக் கடன் கொடுத்தவருக்கோ நீங்கள் வக்கீலாக இருக்கிறீர்களா? கடைசிக் கேள்வி சிறிய ஊர்களில் மிகவும் தேவை. வங்கியின் வழக்குகளை நடத்துபவரிடமே அறியாமல் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. ஜெயித்தால் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசுவதை விதி அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள், ரசீது கேளுங்கள். சொத்தை மாற்றி எழுதச் சொல்பவரிடமிருந்து அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் இல்லாதவர் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். கடன் பத்திரத்தில் மனைவியும் கையெழுத்துப் போட்டிருந்தால் அவருக்கு அந்த உரிமை தனியாக இருக்கிறது.

தம்பி ஐ.பி. போடவில்லை. 60 நாள் நோட்டீஸ் வந்து 19 நாள்தான் ஆகியிருந்தது. கோவைத் தீர்ப்பாயத்தில் நடக்கும் வக்கீல் ஒருவர் ஆட்சேபத்தை எழுதினார். அவிநாசி பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று வங்கிக்குக் கட்டும் திட்டத்தை அதனோடு சேர்த்துக் கொடுத்தோம். 11 லட்சத்துக்கு வசதியாக்கக் குழுவில் மனு போட்டாயிற்று. ஈடில்லாக் கடன்காரர்கள் எல்லாருக்கும் ஒரே விகிதம் என்று லோக் அதாலத்தில் சொல்லப் பட்டியல் தயாரித்தோம். பேச்சு முறிந்தால் அதே பட்டியல் ஐ.பி. மனுவுக்கும் போகும் என்று வக்கீல் சொன்னார். அதனால் பெயர், முகவரி, தொகை எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்றார்.

பட்டியல் எழுதும்போது பக்கத்தில் இருந்த மச்சான், அத்தை கொடுத்ததற்கு எழுத்து இல்லையே, அதை விட்டுவிடலாமே என்றார். தம்பி பதில் சொல்லவில்லை. முதல் வரிசையில் அத்தையின் பெயரை எழுதி, அதற்கு நேரே 2 லட்சம் என்று போட்டுவிட்டு, அடுத்த பெயருக்குப் போனான்.